சேற்றுக்குள் வளையும் குழாய்: முன் அச்சைப் பலப்படுத்துவது எப்படி?

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ காட்டுப்பாதை வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையைக் கடந்து போயிருப்பீர்கள். அடுத்த முறை கொஞ்சம் நின்று, தூக்கி நிறுத்திய ஒரு பழைய லேண்ட் குரூஸரின் அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு முன் சக்கரங்களையும் இணைத்தபடி குறுக்கே ஓர் எஃகுக் குழாய் போகும். நடுவில், சற்று ஒரு பக்கமாக ஒதுங்கி, சிறு பானையைக் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு தெரியும். அந்தப் பானைக்குள் டிஃப்ரன்ஷியல் பல்சக்கரங்கள் இருக்கின்றன. குழாய்க்குள் சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள் ஓடுகின்றன. குழாயும் பானையும் சேர்ந்ததைத்தான் பட்டறைக்காரர்கள் 'எக்சல் ஹவுசிங்' என்கிறார்கள். நாம் அச்சுக்கூடு என்று சொல்லிக்கொள்வோம்.

இன்று கடையில் வாங்கும் பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தில் இந்தக் குழாய் இருக்காது. அவற்றில் இடது சக்கரம் தனியாகவும் வலது சக்கரம் தனியாகவும் ஏறி இறங்கும். நெடுஞ்சாலைக்கு அது சுகம். ஆனால் 1984-இல் வந்த 70 வரிசை லேண்ட் குரூஸரும், 2018-இல் புதிதாக வடிவமைத்த சுசுகி ஜிம்னியும்கூட முன்னால் முழு அச்சையே வைத்திருக்கின்றன. காரணம் எளிமையானது. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது, ஒரே குழாயில் பிணைந்த மறு சக்கரம் பள்ளத்துக்குள் அழுத்தப்படுகிறது. இரண்டும் தரையை விடுவதில்லை. உடையக்கூடிய மூட்டுகளும் குறைவு. சிக், பாலிங் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் மழைக்குப் பிறகு செம்மண் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தக் குழாய் வளைந்தால் என்ன ஆகும், வளையாமல் பலப்படுத்துவது எப்படி என்பதுதான் இந்த வாரக் கட்டுரை. வண்டி ஓட்டாதவர்களும் படிக்கலாம். உள்ளே இருப்பது நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் 'மோமென் டாயா' என்று படிக்கும் அதே நெம்புகோல் பாடம்தான்.

துரையின் வண்டியும் இரும்புத் தகடும்

லேண்ட் ரோவர் முதன்முதலில் மக்கள் முன் வைக்கப்பட்டது 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதற்கு ஏழு வாரங்கள் கழித்து, ஜூன் 16-இல், பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள், 1960 வரை, தோட்டப் பாதைகளில் வண்டி ஓட்டுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. துரைமார்கள் தங்கள் கார்களிலும் ஜீப்புகளிலும் இரும்புத் தகடுகளைப் பொருத்திக்கொண்டார்கள். கெடா தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்தக் கால வண்டிக் கதை ஒன்றாவது வரும்.

அந்தத் தகட்டை ஒரு நிமிடம் எடை போட்டுப் பார்ப்போம். 6 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. கதவுகள், முன்புறம், பின்புறம் என்று நான்கு சதுர மீட்டர் மூடினால் ஏறத்தாழ 190 கிலோ. மூன்று ஆள்கள் கூடுதலாக எப்போதும் ஏறி உட்கார்ந்திருப்பது போல. பொறியாளர் கணக்கிட்ட சுமை வேறு, வண்டி சுமந்த சுமை வேறு. ஆள் பிழைக்க வேண்டிய அவசரத்தில் அச்சைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

இன்று தகடு இல்லை. ஆனால் அதே கூடுதல் சுமையை நாமே விரும்பி ஏற்றுகிறோம். முன்னால் கனத்த இரும்புத் தடுப்பு, அதற்குள் விஞ்ச், கூரைமேல் பெட்டி, போதாததற்கு அகலமான பெரிய டயர். முன்னால் இருக்கும் தடுப்பும் விஞ்சும் மொத்த எடையையும் முன் அச்சின் மேல்தான் வைக்கின்றன. மயிலிறகுதானே என்று மேலும் மேலும் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்பதைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வள்ளுவர் சொன்னது மெல்ல மெல்லக் கூடும் சுமையை. காட்டுப்பாதையில் அச்சைக் கெடுப்பது இன்னொன்று. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஐந்து சென்டிமீட்டர் செய்யும் வேலை

ஓர் எடுத்துக்காட்டு வண்டியை வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 500 கிலோ. அதாவது தரை ஒவ்வொரு சக்கரத்தையும் 5,000 நியூட்டன் விசையோடு மேலே தள்ளுகிறது. வண்டியின் எடையோ ஸ்பிரிங் வழியாகக் குழாயின் மேல் கீழ்நோக்கி அழுத்துகிறது. சக்கரத்தின் மையத்துக்கும் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கும் இடையில் 30 செ.மீ. என்று வையுங்கள். அந்த 30 செ.மீ. தான் நெம்புகோலின் கை. 5,000 நியூட்டனை 0.3 மீட்டரால் பெருக்கினால் 1,500 நியூட்டன் மீட்டர். இரண்டு பக்கமும் இப்படி நெம்புவதால், ஸ்பிரிங் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள குழாய் முழுவதும் இந்த அளவு வளைக்கும் திறனுக்கு ஆளாகிறது.

குழாயின் வெளிவிட்டம் 63.5 மி.மீ., சுவரின் கனம் 6.35 மி.மீ. என்று கொள்வோம். அதாவது இரண்டரை அங்குலக் குழாய், கால் அங்குலச் சுவர். வளைக்கும் திறனால் அதன் அடிப்புறத்தில் உண்டாகும் இழுவை, அதாவது தகைவு, ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல். சாதாரண மென்னெஃகு 250 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். அச்சுக் குழாய்க்கு அதைவிட நல்ல எஃகு போடுவார்கள், 350 என்று வைப்போம். 100 எங்கே, 350 எங்கே! நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு ஒரு கவலையும் இல்லை.

இப்போது வண்டியை ஓட்டுவோம். செம்பனைத் தோட்டத்தில் தண்ணீர் வெட்டிவிட்ட ஒரு பள்ளம். முன் சக்கரங்கள் 20 செ.மீ. விழுகின்றன. டயரும் ஸ்பிரிங்கும் 10 செ.மீ. அமுங்கி அந்த விழுச்சியை நிறுத்துகின்றன. 30 செ.மீ. இறங்கிய எடையின் ஆற்றல் முழுவதும் 10 செ.மீ. தூரத்துக்குள் செலவாக வேண்டும். எனவே நிறுத்தும் விசை, சராசரியாக, எடையைப் போல மூன்று மடங்கு. தகைவும் மூன்று மடங்காகி 303 ஆகிறது. 350-க்குள் இருக்கிறது. குழாய் முனகுகிறது, ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அடுத்து, அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் ஒன்றைப் போடுங்கள். சக்கரத்தின் மையம் 5 செ.மீ. வெளியே போகிறது. நெம்புகோலின் கை 30-லிருந்து 35 ஆகிறது. வேறு ஒன்றையும் மாற்றவில்லை. அதே பள்ளம், அதே வேகம். தகைவு 354. எல்லை தாண்டியாகிவிட்டது. குழாய் வளைகிறது, திரும்பவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அச்சு வளைந்து வரும் வண்டிகளைப் பார்த்து "கம்பெனிக்காரன் மெல்லிய குழாய் போட்டுவிட்டான்" என்று சொல்வது வழக்கம். பல வேளைகளில் அந்தக் குழாய் தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாகவே செய்தது. வேலையை நாம் மாற்றிவிட்டோம். பலப்படுத்தும் செலவைப் பற்றி யோசிக்கும் முன், வெளியே தள்ளும் ரிம்மும் ஸ்பேசரும் வேண்டுமா என்று யோசிப்பது மலிவு.

வளைந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

தரை சக்கரத்தை மேலே தள்ளுவதால் குழாயின் இரு முனைகளும் மேல்நோக்கி வளையும். சக்கரங்களின் தலை உட்பக்கம் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். குழாயின் முனையில் எண்ணெய் கசியும், ஏனெனில் உள்ளே தண்டு நடுவில் ஓடாமல் ரப்பர் வளையத்தின் ஒரு பக்கத்தை உரசுகிறது. பழுதுபார்க்கும்போது தண்டை வெளியே இழுத்தால் எளிதாக வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதளத் தரையில் வண்டியை நேராக நிறுத்துங்கள். முதலில் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங் ஆடினால் அதைச் சரிசெய்யாமல் அளப்பதில் பயனில்லை. பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைச் சக்கரத்துக்கு வெளியே, டயரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி, நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரண்டையும் அளவுகோலால் அளங்கள். 400 மி.மீ. உயரமுள்ள ரிம்மில் 7 மி.மீ. வேறுபாடு இருந்தால் அது ஒரு டிகிரி சாய்வு. மேல் இடைவெளி பெரிதாக இருந்தால் சக்கரம் உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையே வெளிப்பக்கம் சிறிது சாய்வு வைத்து அனுப்பும். ஆகவே உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள், பூஜ்யத்தோடு அல்ல.

உள்ளே இரும்பா, வெளியே இரும்பா?

இனிப் பலப்படுத்தும் வேலை. பட்டறைகளில் இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகிப் பற்றவைப்பது. மற்றொன்று, குழாயின் முதுகின்மேல் பாலம் போல ஒரு தகட்டுச் சட்டத்தைப் பற்றவைப்பது. எது நல்லது?

கணக்குக்கு முன் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாகப் பிடித்து வளைத்தால் வில்லாக வளைகிறது. அதையே விளிம்பு மேலாகத் திருப்பிப் பிடித்து வளையுங்கள், அசையாது. பிளாஸ்டிக் அதேதான், எடையும் அதேதான். நடுக்கோட்டிலிருந்து பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் மாறியது. வளைவை எதிர்ப்பதில் தூரத்துக்கு இருமடி மதிப்பு. தூரம் இரண்டு மடங்கானால் அந்தப் பொருளின் பங்களிப்பு நான்கு மடங்கு. மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் காற்றில் நிற்பதன் இரகசியம் இதுதான்.

இப்போது நம் குழாய். உள்ளே, 50.8 மி.மீ. வெளிவிட்டமும் 40 மி.மீ. உள்விட்டமும் கொண்ட குழாயைச் செருகுகிறோம். மீட்டருக்கு 6 கிலோ எஃகு. வளைவை எதிர்க்கும் தன்மை 43 விழுக்காடு கூடுகிறது. அந்த 354 மெகாபாஸ்கல் 248 ஆகக் குறைகிறது. நல்ல பலன்தான்.

வெளியே என்றால்? 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள ஒரு பட்டையைக் குழாயின் நடுக்கோட்டிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் நிறுத்துகிறோம். அதைத் தாங்க இரண்டு பக்கமும் மெல்லிய செங்குத்துத் தகடுகள். எல்லாம் சேர்த்து மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ. மேல் பட்டையை மட்டும் கணக்கில் எடுத்தாலே வளைவு எதிர்ப்பு 2.8 மடங்கு. 354 மெகாபாஸ்கல் 175 ஆக, பாதியாக, இறங்குகிறது. குறைந்த இரும்பு, கூடுதல் வலு.

அப்படியானால் வெளிச்சட்டம்தான் சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. குழாயின் முதுகுக்கு மேலே எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது சட்டம் போய்த் தொட்டியை இடிக்கும். ஸ்டேரிங் தண்டுகளும் அந்தப் பக்கம்தான் ஆடுகின்றன. சட்டத்தைக் கீழ்ப்பக்கம் வைத்தால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறைந்து, வெட்டிய செம்பனை அடிமரத்தில் போய் மாட்டும். மேலும் வெளிச்சட்டம் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்கையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால், சக்கரத்தைத் திருப்பும் மூட்டுவரை உள்ள குட்டைப் பகுதிக்கு அது உதவாது. அங்கே உள்குழாய்க்கு வேலை இருக்கிறது. என் கருத்தில், இடம் இருக்கும் வண்டிக்கு உயரம் குறைந்த வெளிச்சட்டமும், முனைகளுக்கு முக்கோணத் தாங்கிகளும் போதும். உள்குழாய், போட்டிக்கென்றே தயாராகும் வண்டிக்கு.

அந்த முனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய லேண்ட் குரூஸர், சுசுகி வண்டிகளில் குழாயின் முனையில் பந்து போன்ற ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டிருக்கும். சக்கரம் இடம் வலம் திரும்புவது அந்தப் பந்தைச் சுற்றித்தான். குழாய் நடுவில் வளைந்தால் டயர் தேயும், எண்ணெய் கசியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முனையில் அந்தப் பற்றவைப்பு விரிசல் விட்டுப் பிரிந்தாலோ, சக்கரம் மடிந்துவிடும். ஸ்டேரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது. பாலிங் மலைச்சரிவில் பின்னால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பந்துக்கும் குழாய்க்கும் இடையே மேலும் கீழும் பற்றவைக்கும் சிறு தாங்கித் தகடுகள் மிக மலிவானவை. பணம் குறைவாக இருந்தால் முதல் ரிங்கிட்டை அங்கேயே செலவழியுங்கள்.

நெருப்பு செய்யும் குறும்பு

பலப்படுத்தப் போன அச்சைக் காடு வளைப்பதற்கு முன் பட்டறையே வளைத்துவிடுவது உண்டு. எப்படி?

எஃகு சூடானால் விரியும். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். பற்றவைக்கும் இடத்தில் உலோகம் உருகும் அளவுக்கு, அதாவது 1,500 டிகிரிக்குப் பக்கத்தில், சூடாகிறது. ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த குழாய் அதை விரிய விடாது. உருகிய தையல் ஆறும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது தன் பக்கமாகக் குழாயை இழுக்கிறது. சட்டத்தைக் குழாயின் முதுகில் ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால், முதுகு சுருங்கி, இரு முனைகளும் மேலே எழும்பும். காட்டுப் பள்ளம் எந்தப் பக்கம் வளைக்குமோ அதே பக்கம்! புதுச் சட்டம் போட்ட வண்டி முதல் நாளிலிருந்தே டயரைத் தின்னும் அதிசயத்துக்கு இதுதான் விளக்கம்.

இதைத் தவிர்க்கத் தெரிந்த கைகள் அவசரப்படுவதில்லை. அச்சுக்கூட்டை வண்டியிலிருந்து கழற்றி, கனமான இரும்பு உத்தரத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்குவார்கள். உள்ளே நேரான கனத்த தண்டு ஒன்றை நுழைத்து வைப்பார்கள், குழாய் கோணினால் அது காட்டிக்கொடுக்கும். இங்கே இரண்டு மூன்று செ.மீ. பற்றவைத்தால், அடுத்தது எதிர்ப்பக்கம், அதற்கடுத்தது மறுமுனை. கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் மீண்டும் அதே இடம். ஒரு நாள் வேலை. அவசரமாக முடிக்க வாளித் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தைக் கண்டால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். திடீர்க் குளிர்ச்சியில் எஃகு கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது.

நடுப்பானை என்ன உலோகம் என்பதும் முக்கியம். லேண்ட் ரோவர், லேண்ட் குரூஸர், சுசுகி வண்டிகளில் பானையும் தகட்டு எஃகால் ஆனது. அதில் பற்றவைப்பது சிரமமில்லை. அமெரிக்க ஜீப்புகள் பலவற்றிலோ பானை வார்ப்பிரும்பு, இரு பக்கமும் எஃகுக் குழாய்களைச் செருகியிருப்பார்கள். எஃகுக் குழாயில் கரிமம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. வார்ப்பிரும்பில் இரண்டு முதல் நான்கு விழுக்காடு. அத்தனை கரிமத்தோடு உருகி வேகமாக ஆறும் உலோகம் கண்ணாடி போல ஆகிவிடும். பற்றவைத்த அன்று பளபளப்பாக இருக்கும், மறுநாள் மயிரிழை விரிசல். பானையைச் சில நூறு டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கலந்த கம்பியால் பற்றவைத்து, கனத்த போர்வையால் மூடி மெல்ல ஆறவிட வேண்டும். இதைச் செய்யத் தெரியாத இடத்தில் பானையைத் தொடாமல் விடுவதே மேல்.

இரும்பையும் கரிமத்தையும் நெருப்பையும் கையாள்வது கெடா மண்ணுக்குப் புதிதல்ல என்பது ஒரு சுவையான செய்தி. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில், பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழங்கால இரும்பு உருக்கு உலைகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழல்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய தொழில் அது என்பது அவர்கள் கணிப்பு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போக நல்ல இடம்.

பற்றவைப்பவரின் மூச்சு

பட்டறையில் வேலை கற்கும் நம் இளைஞர்களுக்கு ஒன்று. அச்சுக்கூட்டில் பல ஆண்டு எண்ணெய் ஊறியிருக்கும். அதைத் துடைக்க பிரேக் கிளீனர் தெளிப்பது வழக்கம். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. அதன் ஈரம் காயாத இடத்தில் வெல்டிங் ஒளி பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் நச்சுப் புகையாகப் பயன்படுத்திய வாயு அது. மூச்சில் கொஞ்சம் போனாலே நுரையீரலைத் தாக்கும், அறிகுறி பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். டின்னில் எழுதியிருப்பதைப் படியுங்கள். குளோரின் சேர்ந்தது என்றால் வெல்டிங் நடக்கும் பட்டறைக்குள்ளேயே வேண்டாம். சோப்புத் தண்ணீரும் கம்பித் தூரிகையும் போதும்.

அச்சுக்கூட்டை எல்லாப் பக்கமும் அடைத்துவைத்துச் சூடாக்கவும் கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி தீப்பற்றி வெடிக்க இடம் உண்டு. எண்ணெயை வடித்து, முனைகளைத் திறந்து வையுங்கள். வண்டியில் வைத்தபடியே சிறு தையல் போட வேண்டி வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பூமிக் கம்பியின் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்னோட்டம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து, அதன் குண்டுகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டமைப்பு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிகளும் நம் வண்டிகளை ஆள்கின்றன. பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை மாற்றும் முன் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புஸ்பகோம் சோதனைக்குப் போகச் சொல்வார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

அடுத்து எது உடையும்?

1997-இல் லூயிஸ் வீ தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில்தான் அதை நடத்துவார்கள், சேறு போதாமல் போய்விடக் கூடாதே! அத்தகைய வண்டிகளைத் தயாரிப்பவர்கள் கேட்கும் கேள்வி, "அச்சு உடையாமல் எப்படிச் செய்வது" என்பது மட்டும் அல்ல. "இது உடையவில்லை என்றால் அடுத்து எது உடையும்" என்பதும்தான். வளையாத குழாய், தான் வாங்கிய அடியை வேறு யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும். ஸ்பிரிங் இருக்கையின் போல்ட்டுக்குப் போகலாம், சேஸிசில் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிக்குப் போகலாம். பெரிய டயரும் போட்டிருந்தால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுக்குப் போகும். வீட்டு மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் எரிவது போல, வண்டியிலும் ஏதோ ஒன்று முதலில் போக வேண்டியிருக்கிறது. தண்டின் மூட்டு போனால், பின் சக்கர இயக்கத்தில் மெல்ல ஓட்டி வீடு வந்து சேரலாம், மாற்று மூட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தால் காட்டிலேயே மாற்றலாம். முனைப் பந்து போனால் வண்டி அங்கேயே கிடக்கும். அதனால்தான் முனையை முதலில் பலப்படுத்தச் சொன்னேன். தண்டை அளவுக்கு மீறிக் கனமாக்க நான் பரிந்துரைப்பதில்லை.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 4 அன்று பாலிங், கூப்பாங் பகுதியில் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் மரங்களையும் சேற்றையும் வீடுகளுக்குள் கொண்டுவந்து கொட்டியது, உயிர்களையும் கொண்டுபோனது. அப்படிப்பட்ட நாளில் சாதாரணக் கார் போக முடியாத இடத்துக்கு மருந்தும் அரிசியும் கொண்டுபோக உயரமான ஃபோர் வீல் வண்டிகள்தாம் வேண்டும். அவை அடிமரத்திலும் பாறையிலும் மோதித்தான் போகும்.

உங்கள் வண்டிக்கு வேலை முடிந்ததும், முதல் பயணத்துக்கு முன் தூக்குக்குண்டு அளவை இரண்டு சக்கரங்களுக்கும் எடுத்து, தேதியோடு பானெட்டின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதிவையுங்கள். காட்டிலிருந்து திரும்பியதும் சேற்றைக் கழுவிவிட்டு மீண்டும் அளங்கள். தையல்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், துருப்பிடித்த மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அது விரிசல். எண் இரண்டு மூன்று மி.மீ. மாறியிருந்தால் பேரிங்கைச் சோதியுங்கள். ஏழு மி.மீ. மாறியிருந்தாலோ, பந்துக்குப் பக்கத்தில் கோடு தெரிந்தாலோ, அந்த வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.